பாம்புக்கும் ஊர் உண்டு

போன வாரம் லஞ்ச் டயத்தில் எங்கள் ஆபீஸ் ஜூனியர் பையன் ஒருவன் என் டேபிளுக்கு வந்தான். டிபன் பாக்ஸை மூடச் சொல்லிவிட்டு, மொபைலில் ஒரு படம் காட்டினான்.

"எப்படி சார் இருக்கு?"

முதலில் ஏதோ பெல்ட் என்று நினைத்தேன். அப்புறம்தான் பெல்ட்டுக்கு நாக்கு இருப்பது தெரிந்தது.

"போவா கன்ஸ்ட்ரிக்டர் சார். குட்டி. ஃப்ரெண்டோட ஃப்ரெண்ட் ஒருத்தன் தர்றேங்கிறான். வாங்கலாம்னு இருக்கேன்."

பையன் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் மூன்று பேரோடு ரூமைப் பங்கு போட்டுக்கொண்டு இருக்கிறான். அங்கே ராத்திரி பத்து மணிக்கு மேல் லைட் எரிந்தாலே மேனேஜர் வந்து கதவைத் தட்டுவார்.

"எந்த ஊர்?" என்றேன்.

"எனக்கா சார்? திண்டுக்கல்."

"உனக்கில்லை. பாம்புக்கு."

என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். ரிடையர்மென்ட் நெருங்கினால் மனுஷனுக்கு இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது என்று நினைத்திருப்பான். ஆனால் கேள்வி சரியான கேள்விதான். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஓர் அமெரிக்கத் தபால்காரர்.

* * *

1998-ன் கடைசி. இரண்டாயிரமாவது வருஷம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தேதி தெரியாமல் திருதிருவென்று முழிக்கப் போகின்றன என்று பயந்துபோய், நம்மூரிலிருந்து பிளேன் பிளேனாக ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம். என்னையும் பிடித்து ஒஹையோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கே ஒரு வீட்டு மாடியில் ரூம் கிடைத்தது. மற்ற இடங்களில் கேட்டதில் பாதி வாடகை. பாதி வாடகை என்றால் பின்னால் ஏதாவது ஒரு சங்கதி இருக்கும் என்கிற சாதாரண அறிவு எனக்கு அன்று வேலை செய்யவில்லை.

வீட்டுக்காரர் ரிடையரான தபால்காரர். மனைவி காலமாகி, ஒரே மகள் கிளீவ்லாண்டில். நான் வழக்கம்போல் "சார்" என்று ஆரம்பித்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"சார்னு கூப்பிடாதே. முப்பது வருஷம் லெட்டர் சுமந்தவன் நான். மாடி உனக்கு. கீழே பின்பக்கத்து ரூம் மட்டும் அவங்களுக்கு."

"அவங்கன்னா?"

"ஆறு பேர் இருக்காங்க. சத்தமே போட மாட்டாங்க."

அமெரிக்காவிலும் கூட்டுக் குடும்பம் இருக்கிறதே என்று நெகிழ்ந்துபோய் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது நாள் உப்புமாவுக்குப் பட்டாணி எடுக்க ஃப்ரீஸரைத் திறந்தேன். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் வந்தது. பட்டாணிக்கு வால் இருந்தது.

வெள்ளை எலிகள். வரிசையாக, தேமேயென்று உறைந்து கிடந்தன. அன்றைக்கு உப்புமா கிடையாது. அன்றைக்குத்தான் பின்பக்கத்து ரூம் கதவும் எனக்காகத் திறந்தது.

சுவரோரமாக ஆறு கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் 32 டிகிரி வெப்பம், மறு பக்கம் 26. குளிர்ந்தால் அந்தப் பக்கம், சூடு போதுமென்றால் இந்தப் பக்கம். நம் ஆபீஸ் ஏ.சி. பற்றி நடக்கும் சண்டையைப் பாம்பு இரண்டே அடியில் தீர்த்துக்கொள்கிறது. ஆறு பெட்டிகளிலும் போவா கன்ஸ்ட்ரிக்டர். விஷம் கிடையாது, இரையைச் சுற்றி நெரித்துக் கொல்லும் ஜாதி. நம் மலைப்பாம்பு முட்டையிடும், போவா குட்டி போடும். லின்னேயஸ் 1758-ல் வைத்த லத்தீன் பெயரையே இங்கிலீஷ்காரர்கள் செல்லப் பெயராகவும் வைத்துக்கொண்டார்கள். ரேஷன் கார்டிலும் வீட்டிலும் ஒரே பெயர் இருக்கிற பாக்கியம் மிருகங்களில் ரொம்பச் சிலதுக்குத்தான்.

எல்லாம் ஒரே பாம்புதானே, ஒருத்தருக்கு எதற்கு ஆறு என்று கேட்டேன். எங்கள் தாத்தாவிடம் போய் "மாம்பழம் எல்லாம் ஒண்ணுதானே" என்று கேட்டால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார்.

ஒவ்வொரு பெட்டியின் மேலும் தபாலாபீஸ் கையெழுத்தில் ஒரு அட்டை. பிறந்த வருஷம், தாய், தகப்பன், எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில் ஊர். ஜாதகமேதான். ராசிக் கட்டம் மட்டும் இல்லை.

* * *

மெக்ஸிகோவிலிருந்து அர்ஜென்டினா வரை பரந்து கிடக்கிறது போவாவின் ராஜ்யம். மழைக்காடு, பாலைவனம், கடலோரத் தீவு என்று இடம் மாற மாற ஆளும் மாறுகிறது. தபால்காரர் ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்தினார்.

சுரினாம் நாட்டுக்காரன் எட்டடி. உடம்பெல்லாம் பழுப்பும் சாம்பலுமாக வந்து, வாலை நெருங்கும்போது திடீரென்று ஒயின் சிவப்பு. முதுகில் வௌவால் சிறகு விரித்த மாதிரி பட்டைகள். ஆறு பேரில் மாப்பிள்ளை களை இவனுக்குத்தான்.

அர்ஜென்டினாக்காரி கறுப்பு. அதன்மேல் வெள்ளிப் புள்ளிகள், ஜரிகை போட்ட புடவை மாதிரி. போவா ராஜ்யத்தின் தெற்குக் கோடியில் இருப்பவள். இந்த வகையைக் காட்டிலிருந்து பிடித்து நாடு விட்டு நாடு விற்கவே கூடாது என்று சர்வதேசத் தடை இருக்கிறது. இவள் கூண்டிலேயே பிறந்தவள், காகிதத்தோடு வந்தவள்.

மெக்ஸிகோவில் சொனோரா பக்கத்து ஆள் சின்ன உடம்பு, மண் நிறம். பார்த்தால் இரண்டாவது தரம் திரும்பிப் பார்க்கத் தோன்றாது. "பார்த்துக்கிட்டே இரு, ஒரு மாசம் கழிச்சுச் சொல்லு" என்றார் தபால்காரர். சரியாக ஒரு மாதத்தில் எனக்கு அந்த மண் நிறத்துக்குள் நாலு நிறம் தெரிய ஆரம்பித்தது.

நாலாவது கொலம்பியாக்காரன். அமெரிக்க வீடுகளில் அதிகம் வளர்வது இவன் வகைதான். கடைக்காரர்கள் இவனையும் 'ரெட்டெயில்' என்று சொல்லி விற்றுவிடுவார்கள். நிஜமான சிவப்பு வால் சுரினாம், கயானா, பிரேஸில் பக்கத்தது. மத்திய அமெரிக்காவிலும் கொலம்பியாவிலும் இருப்பதைப் பின்னாளில் தனி இனமென்றே பிரித்துவிட்டார்கள். செங்கல்பட்டு ரோடு முழுக்கக் கும்பகோணம் டிகிரி காபி விற்கவில்லையா, அந்தக் கதைதான். காபி மோசமென்று சொல்லவில்லை. கும்பகோணம்தான் இடிக்கிறது.

ஐந்தாவது பெட்டிக்கு முன்னால் வந்ததும் தபால்காரர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"இவ பன்றித் தீவு."

ஹாண்டுராஸ் நாட்டின் கரீபியன் கரைக்கு எதிரே காயோஸ் கோச்சினோஸ் என்று குட்டித் தீவுகள். ஸ்பானிஷில் பன்றித் தீவுகள் என்று அர்த்தம். பெரிசு என்று சொல்ல இரண்டே இரண்டு, மற்றதெல்லாம் மணல் திட்டு. அங்கே மட்டும் இருக்கிற போவா இது. ஐந்தடி இருந்தால் அதிகம். சாந்த சொரூபி. இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்து, வெயிலில் காயப்போட்டு வெளுத்த பட்டுத்துணி மாதிரி ஒரு நிறம். சாயங்காலம் லைட்டை அணைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அந்த நிறமும் இன்னும் வெளுத்திருக்கும்.

ஆறாவது பெட்டி அட்டையில் ஊர் என்கிற இடத்தில், 'தெரியாது.' தாய்: தெரியாது. தகப்பன்: தெரியாது. காலி பண்ணிக்கொண்டு போன யாரோ ஓர் ஆசாமி அபார்ட்மென்ட்டில் விட்டுவிட்டுப் போன பாம்பு. வால் ஒரு ஊரைச் சொல்லும், முதுகு வேறு ஊரைச் சொல்லும்.

எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. கேட்டும் விட்டேன்.

"ஊர், தாய், தகப்பன், வம்சம்... எங்க ஊர் ஞாயிற்றுக்கிழமை பேப்பர்ல கல்யாண விளம்பரம் இப்படித்தான் வரும்."

அது என்னவென்று விளக்கமாகக் கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அது மனுஷங்க விவகாரம், எனக்குத் தெரியாது. இங்கே உசத்தி தாழ்த்தி கிடையாது. சுரினாம்காரன் சொனோராக்காரனைவிட ஒண்ணும் பெரிய ஆள் இல்லை. ரெண்டு ஊரும் கலந்தாலும் தப்பில்லை, குட்டி ஜோராத்தான் இருக்கும். ஆனா கலந்ததை அட்டையிலே எழுதணும். எழுதாம விக்கிறான் பாரு, அவன்தான் அயோக்கியன். வாங்கினவன் அசல்னு நம்பி இன்னொண்ணோட சேர்ப்பான். ரெண்டு தலைமுறையிலே அந்த ஊரோட அடையாளமே போயிடும். பாலையும் டிகாஷனையும் கலக்க ஒரு நிமிஷம் போதும். பிரிச்சுக் குடுக்க எந்தக் கொம்பனாலும் முடியாது."

அவர் டிகாஷன் என்று சொல்லவில்லை. அவர் சொன்ன உதாரணத்தில் பெயின்ட் வந்தது. அர்த்தம் இதுதான்.

ஊர் என்றால் வெறும் விலாசம் இல்லை, உடம்பிலேயே எழுதியிருக்கிறது என்பதைப் பிற்பாடு விஞ்ஞானிகளும் ஒப்புக்கொண்டார்கள். பெலீஸ் நாட்டில் தீவுப் போவாக்கள் குட்டை, கரைப் போவாக்கள் நெட்டை. தீவில் சாப்பாடு பற்றாக்குறை, அதனால் குட்டை என்று சொல்லிவிடலாமே? இரண்டு ஊர்க் குட்டிகளையும் ஒரே இடத்தில் வைத்து, ஒரே மாதிரி சாப்பாடு போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். தீவுக் குட்டி மெதுவாகத்தான் வளர்ந்தது.

* * *

1999 ஜனவரி. ஒஹையோ குளிர் என்றால் நம் ஊட்டிக் குளிரின் கொள்ளுத் தாத்தா. தபால்காரர் மகளைப் பார்க்கப் போயிருந்தார். சாயங்காலம் ஆரம்பித்தது பனி மழை. ராத்திரி எட்டரைக்கு டப்பென்று கரன்ட் போய்விட்டது. வீட்டு ஹீட்டர் கேஸில் எரிவதுதான். ஆனால் சூட்டைத் தள்ளுகிற ஃபேன் கரன்ட்டில் ஓடுவது. எல்லாம் நின்றது.

நான் இரண்டு ஸ்வெட்டர், ஓவர்கோட், அதன்மேல் கம்பளி என்று போர்த்திக்கொண்டு சுவாமி விக்கிரகம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பத்தரைக்கு டெலிபோன் அடித்தது.

"ரூம்ல எத்தனை டிகிரி?"

டார்ச் அடித்துப் பார்த்தேன். "பதினேழு."

"வெளியே?"

"மைனஸ் பதினாலுன்னு ரேடியோல சொன்னான்."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. ரோட்டை மூடிவிட்டார்களாம். காலைக்குள் அவரால் வர முடியாது.

"தம்பி, அவங்களுக்கு உடம்புச் சூடுன்னு சொந்தமா எதுவும் கிடையாது. ரூம் என்ன சூடோ அதுதான். விட்டா காலைக்குள்ள நெஞ்சுல சளி கட்டிக்கும். பாம்புக்கு இருமத் தெரியாது. கட்டின சளி கட்டினதுதான்."

"என்ன பண்ணணும்?"

"உன் காரை கராஜிலேர்ந்து வெளியே எடு. உள்ளேயே இன்ஜினை ஓட்டினா பாம்புக்கு முன்னாடி நீ போயிடுவே. சைலன்ஸர் வாயிலே பனி அடைக்காம பாத்துக்கோ. ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கு. ஹீட்டரைப் போடு. ஒவ்வொருத்தரா தலையணை உறையிலே விட்டு, வாயைக் கட்டி, எடுத்துட்டுப் போ. முதல்ல பன்றித் தீவு. என்ன ஆனாலும் முதல்ல அவ."

நாலு மாதத்தில் நான் ஒரே ஒரு முறைதான் ஒரு பாம்பைத் தொட்டிருந்தேன். அதுவும் அவர் பிடித்துக்கொண்டிருக்க, பில் கவுன்ட்டரில் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி ஒற்றை விரலால். இதை அவரிடம் சொன்னேன்.

"குளிர்ந்த பாம்பு மெதுவாத்தான் நகரும். உடம்பை நடுவிலே ரெண்டு கையாலும் தாங்கு. தலையைப் பிடிக்காதே. அவசரப்படாதே. உனக்குப் பயம்னு அதுக்குச் சொல்லாதே."

கடைசி வாக்கியத்தை எப்படிக் கடைப்பிடிப்பது என்று எனக்கு இன்று வரை தெரியாது.

பன்றித் தீவுக்காரியைத் தூக்கினேன். குளிரில் சோர்ந்துபோய், கழற்றிப் போட்ட ரப்பர் ஹோஸ் மாதிரி கனமாகக் கிடந்தாள். அடுத்து அர்ஜென்டினா. சொனோரா. கொலம்பியா. சுரினாம்காரனை உறைக்குள் விடுவதற்குள் எனக்குக் குளிர் விட்டு வியர்த்துவிட்டது. எட்டடி ஆளை நாலு முறை உள்ளே விட்டேன். நாலு முறையும் வால் வெளியே வந்து டாட்டா காட்டியது. வீட்டில் மொத்தத் தலையணை உறைகள் ஐந்து. ஐந்தும் தீர்ந்தன. உள்ளே வந்து டெலிபோனை எடுத்தேன்.

"அஞ்சு பேர் கார்ல. உறை தீர்ந்துபோச்சு. அந்த ஆறாவது... ஊர் தெரியாதவன்..."

என்ன கேட்க வந்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. விட்டுவிடலாமா என்றுதான் கேட்க வந்தேன் போலிருக்கிறது.

"குளிருக்கு அவன் எந்த ஊர்னு தெரியுமா?" என்றார்.

மாடிக்கு ஓடி என் கைலியை எடுத்து வந்தேன். ஈரோட்டில் வாங்கிய பச்சைக் கட்டம் போட்ட கைலி. ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, அவனை உள்ளே விட்டு, மறு முனையிலும் முடிச்சு.

பின் ஸீட்டில் ஐந்து மூட்டை. பன்றித் தீவுக்காரியை மட்டும் உறையோடு ஓவர்கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். அவளுக்குத்தான் வயது அதிகம், உடம்பு ரொம்பச் சில்லிட்டிருந்தது. அரை மணியில் சூடு ஏறியதும் உறைக்குள்ளேயே மெள்ள அசைந்து, என் இடுப்பைச் சுற்றி ஒரு வளையம் போட்டு, வயிற்றோடு ஒட்டிக்கொண்டாள். இறுக்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டாள், கூட்டத்தில் குழந்தை சட்டையைப் பிடித்துக்கொள்கிற மாதிரி.

இரண்டு மணிக்கு ரோந்து போலீஸ்காரர் ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். டார்ச் முகத்தில் அடித்தது.

"எல்லாம் சரிதானே?"

"சரி சார். கரன்ட் இல்லை."

"பின்னாடி மூட்டையிலே என்ன?"

பொய் சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. "பாம்பு சார்."

டார்ச் ஒவ்வொரு மூட்டையாகப் போய்க் கடைசியில் பச்சைக் கைலியில் நின்றது. கைலி நெளிந்தது. போலீஸ்காரர் இரண்டு அடி பின்னால் போனார். அப்புறம் மிகவும் மரியாதையாக, "ஜன்னலை முழுசா மூடிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காலை ஆறே முக்காலுக்கு வீட்டில் லைட் எரிந்தது. ஆறு பேரும் பிழைத்தார்கள். ஏழாவது ஆளுக்குத்தான் மூன்று நாள் ஜலதோஷம்.

2012-ல் ஓர் ஆராய்ச்சி படித்தேன். போவா இரையைச் சுற்றியிருக்கும்போது அதன் இதயத் துடிப்பைத் தன் உடம்பாலேயே உணர்கிறதாம். துடிப்பு நிற்கிற வரை இறுக்கம், நின்றதும் பிடியை விட்டுவிடும். 2015-ல் இன்னொன்று. மூச்சு முட்டித்தான் இரை சாகிறது என்று காலம் காலமாகச் சொல்லி வந்தது தப்பு. போவா சுற்றிய சில விநாடிகளில் ரத்த ஓட்டமே நின்றுவிடுகிறது. அன்றைக்கு ராத்திரி பூரா என் இதயம் ஆடிப்பெருக்கு மேளம் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கேட்டும் இறுக்கவில்லை. இந்த ஆராய்ச்சியெல்லாம் 1999-லேயே வந்திருந்தால் நான் சத்தியமாகக் காரில் ஏறியிருக்க மாட்டேன்.

* * *

தபால்காரர் வந்ததும் ஆறு பேரையும் தடவிப் பார்த்தார். என்னையும் கிட்டத்தட்டத் தடவிப் பார்த்தார். காபி போட்டுக் கொடுத்தார். அப்போதுதான் கேட்டேன்.

"ஏன் முதல்ல அவ?"

ரொம்ப நேரம் கழித்துத்தான் பதில் வந்தது.

"என் ஆசையால வந்தவ அவ."

1970களின் கடைசியிலிருந்து 1990களின் ஆரம்பம் வரை பன்றித் தீவுகளில் பாம்பு பிடிக்கிறவர்கள் புகுந்து விளையாடியிருக்கிறார்கள். இளஞ்சிவப்பு, சின்ன உடம்பு, கடிக்காத சுபாவம். அமெரிக்க மார்க்கெட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? சாக்குச் சாக்காக, ஆயிரக்கணக்கில் போயிருக்கிறது. சின்னத் தீவு, எவ்வளவு தாங்கும்? 1993-ல் தீவுகளைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தபோது, அங்கே பாம்பைப் பார்ப்பதே அபூர்வமாகியிருந்தது. பாம்பு தீவில் இல்லை. ஒஹையோவிலும் ஃப்ளோரிடாவிலும் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது.

"1985-ல குட்டியா வாங்கினேன். அவ அம்மா அங்கேருந்து சாக்குல வந்தது. பிடிச்சவனைத் திட்டறது சுலபம். நான் காசை நீட்டலைன்னா அவன் எதுக்குப் பிடிக்கிறான்? அழகா இருக்குன்னு ரசிச்ச ஆளுங்க நாங்க. நாங்க ரசிச்சே ஒரு தீவைக் காலி பண்ணினோம்."

"திருப்பிக் கொண்டுபோய் விட்டுட்டா என்ன?"

"என் வீட்டு வியாதியையும் சேர்த்துல்ல விடுவேன்?"

எவ்வளவு சரி என்பது பிறகுதான் புரிந்தது. கூண்டுப் போவாக்களையும் மலைப்பாம்புகளையும் தாக்கி நரம்பைக் கெடுத்துக் கொல்லும் நோய் ஒன்று உண்டு. அதன் பின்னால் ஒரு வைரஸ் இருப்பதை 2012-ல்தான் கண்டுபிடித்தார்கள். வளர்த்ததை வெளியே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சிகளும் இருக்கின்றன. மெக்ஸிகோவின் கோஸுமெல் தீவில் 1971-ல் போவாக்களை விட்டார்கள். அங்கே மட்டுமே வாழும் பறவைகளுக்கும் பிராணிகளுக்கும் அது எமனாக வந்து வாய்த்தது. அரூபா தீவில் 1999-ல் முதல் போவாவைப் பார்த்தார்கள். இப்போது ஒழிக்க முடியாமல் தவிக்கிறார்கள். சொந்த ஊரில் அழகன், அடுத்த ஊரில் வில்லன். ஊர் முக்கியம் என்று தபால்காரர் சொன்னதற்கு இதுவும் ஓர் அர்த்தம்.

* * *

நான் ஊர் திரும்பிய பிறகும் கடிதப் போக்குவரத்து இருந்தது. அவர் ஈமெயில் வைத்துக்கொள்ளவில்லை; முன்னாள் தபால்காரன் அந்தத் துரோகத்தைச் செய்ய மாட்டேன் என்றார். 2007-ல் ஒரு செய்தி கண்ணில் பட்டது. 2004-லிருந்து 2006 வரை பன்றித் தீவுகளில் போய்த் தேடிப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், போவாக்கள் மறுபடி தாராளமாகப் பெருகிவிட்டதாக எழுதியிருந்தார்கள். பிடிப்பதை நிறுத்தியதும் மிச்சமிருந்தவை தாங்களாகவே மீண்டுவிட்டன. யாரும் கொண்டுபோய் விடத் தேவைப்படவில்லை. பிரின்ட் எடுத்து ஏர்மெயிலில் அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துக் கார்டு வந்தது. மூன்றே வரி.

'சந்தோஷம். அவங்க எங்களை ஜெயிச்சுட்டாங்க. அவகிட்டே படிச்சுக் காட்டினேன்.'

2010-ல் தபால்காரர் காலமானார். மகள்தான் எழுதியிருந்தாள். நாலு பாம்புகளை அவரே முன்கூட்டி நல்ல கைகளாகப் பார்த்துப் பேசி வைத்திருந்தாராம், அட்டையோடு சேர்த்து. பன்றித் தீவுக்காரியும் ஊர் தெரியாதவனும் மகள் வீட்டுக்குப் போனார்கள். அதுவரை அந்த ரூமுக்குள் கால் வைக்காதவள் அந்தப் பெண். அவள் இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டாள். 2012-ல், 27 வயதில், பன்றித் தீவுக்காரி போய்ச் சேர்ந்தாள். அந்த அட்டையைக் கவரில் போட்டு எனக்கு அனுப்பியிருந்தாள். என் டேபிள் டிராயரில், எல்.ஐ.சி. ரசீதுகளுக்கு நடுவில் இருக்கிறது.

* * *

இவ்வளவையும் லஞ்ச் டயத்தில் சொல்லி முடித்தேன். பையன் என் தயிர் சாதத்தில் பாதியைச் சாப்பிட்டிருந்தான்.

"இப்ப மூணு கேள்வி," என்றேன். "ஒண்ணு, எந்த ஊர்? விக்கிறவன் 'தெரியாது'ன்னு சொன்னா மன்னிக்கலாம். வாய்க்கு வந்த ஊரைச் சொன்னா ஓடி வந்துடு. ரெண்டு, காகிதம் இருக்கா? போவா எல்லாமே சர்வதேச ஒப்பந்தப் பட்டியல்ல இருக்கு. 2022-ல நம்ம வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி அந்தப் பட்டியலையும் சேர்த்துட்டாங்க. வச்சிருந்தா அரசாங்கத்துல பதிவு பண்ணணும்னு 2024-ல விதியும் வந்தாச்சு. பாங்காக்லேர்ந்து சூட்கேஸ்ல சாக்ஸுக்குள்ள சுருட்டி மீனம்பாக்கத்துல இறங்கின குட்டின்னா, நீ வாங்கறது பாம்பு இல்லை, கேஸு. உள்ளூர்லயே பார்த்துக்கலாம்னு மண்ணுளிப் பாம்பைத் தேடிக்கிட்டும் போகாதே. 1972 சட்டம் இருக்கு, அதுக்கும் ஜெயில்தான்."

"மூணாவது சார்?"

"இருபத்தஞ்சு வருஷம் வச்சுக்குவியா? ஃபிலடெல்ஃபியா மிருகக்காட்சி சாலையில ஒரு போவா நாப்பது வருஷத்துக்கு மேல இருந்து 1977-லதான் செத்துது. நீ மேன்ஷன் மாறுவே, கம்பெனி மாறுவே, கல்யாணம் பண்ணிக்குவே. பொண்ணு பார்க்கப் போற இடத்துல என்ன சொல்லுவே?"

பையன் மொபைலில் அந்தப் படத்தை ஒரு தரம் பார்த்தான். பெருமூச்சு விட்டான்.

"ஒண்ணே ஒண்ணு போதும்னுதான் சார் நினைச்சேன்."

"அதுவும் உன் கையில இல்லை. பக்கத்துல ஆண் இருந்தும் கண்டுக்காம, தகப்பனே இல்லாம ஒருத்தி ரெண்டு பிரசவத்துல 22 பெண் குட்டி போட்டான்னு 2010-ல எழுதியிருக்காங்க. உங்க மேன்ஷன்ல ஒரு ரூமுக்கு எத்தனை பேர் அலவ்டு?"

படத்தை அழித்துவிட்டான். எழுந்து போனவன் வாசல் வரை போய்த் திரும்பி வந்தான்.

"சார், அப்ப சின்னதா ஒரு தொட்டி வச்சு மீன் வளர்க்கட்டுமா?"

"தாராளமா. எந்த ஊர் மீன்?"